இரண்டு மடைகளுக்கு நடுவே

கோபித்துக்கொண்டு போன என் மகனுக்கு,

நீ திருநகர் வீட்டிலிருந்து வண்டியை முறுக்கிக்கொண்டு கிளம்பி இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. அம்மாவிடம் மட்டும் போனில் பேசுகிறாய். நான் வாங்கினால் "கடையில ஆள் நிக்குது" என்று வைத்துவிடுகிறாய். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. "என் கிட்னி ஒண்ண எடுத்துக்கங்கப்பா, நாளைக்கே டெஸ்டுக்குப் போவோம்" என்று பெற்ற பிள்ளை வந்து நின்றால் எந்த அப்பனும் கண்கலங்கிப் போவான். நானோ "உன்னோடது எனக்கு வேணாம், போடா" என்றேன். பாதிச் சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்து போனாய். உன் அம்மா அதற்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்து, தெருவில் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "புள்ள ஒடம்புல கத்தி படக் கூடாதாம். அம்புட்டுப் பாசம் மனுசனுக்கு." கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுகிறார்கள். நல்ல பெயர் சும்மா வருகிறதே என்று நானும் வாங்கி வைத்துக்கொண்டேன். பாசமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பயம். உன் சிறுநீரகத்தைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அது தெரிந்த நேரத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாமல் எழுதுகிறேன். பாதியில் மடித்து வைக்காமல் கடைசிவரை படி.

கப்பலூரில் நம் மருந்துக்கடை எதனால் ஓடியது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் படுத்த இந்த இரண்டு வருஷமாக நீதான் அதை நடத்துகிறாய். ஆனாலும் அதைத் தொடங்கி வைத்தவன் நான் என்பதால் என் வாயால் சொல்லிவிடுகிறேன். ஷிப்டு முடிந்து கம்பெனி கேட்டைத் தாண்டி வருகிறவன் நேராக நம் கவுண்டரில் கையை ஊன்றுவான். "அண்ணே, ஒரு செட்டு." அவ்வளவுதான் பேச்சு. டாக்டர் சீட்டு கிடையாது, என்ன ஏது என்ற கேள்வி கிடையாது. சின்னக் காகித உறையில் நான்கு மாத்திரை: வலிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, வயிறு எரியாமல் இருக்க ஒன்று, கலருக்காக ஒரு சத்து மாத்திரை. இடுப்பு, முழங்கால், தலை, எது வலித்தாலும் அதே நான்குதான். நானும் சும்மா இருக்கவில்லை. நின்று நின்று கால் கடுத்தால், பக்கத்து டீக்கடையில் அவர்களோடு நின்று ஒரு செட்டை வாயில் போட்டு டீயை ஊற்றிக்கொள்வேன். கல்யாண வீடுகளில் உட்கார்ந்து, "எங்க வீட்ல ஒருத்தரும் ஆசுபத்திரி வாசப்படி மிதிச்சதில்ல" என்று பெருமையடிப்பேன். மருந்துக்கடைக்காரன் வீட்டுக்கு டாக்டர் எதற்கு என்பது என் நினைப்பு. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்ததை வைத்து உடம்பையே படித்துவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தேன்.

நீ பத்தாவது படிக்கும்போது சாயங்காலமானால் தலைவலி என்று வந்து நிற்பாய். கரும்பலகை தெரியாமல் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்ததால் வந்த வலி அது. ஒரு கண்ணாடி போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அது எனக்குத் தோன்றவே இல்லை. உறையைப் பிரித்து உன் உள்ளங்கையில் கொட்டினேன். அரை மணி நேரத்தில் நீ தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருந்தாய், நானும் கெட்டிக்கார அப்பனாகத் திண்டில் சாய்ந்துகொண்டேன். காலேஜில் சேர்ந்த பிறகு யாரோ சொல்லிக் கண்ணாடி போட்டாய். தலைவலி போய்விட்டது, மாத்திரை போகவில்லை. முதுகுவலி, முழங்கால் வலி, தூக்கமின்மை என்று அதற்கு ஏதோ ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. இப்போது நீ அலமாரியிலிருந்து மாத்திரைப் பட்டையைக் கிழித்து வாயில் போட்டுக்கொள்வதைப் பார்க்கும்போது, அது உன் கை மாதிரியே எனக்குத் தெரியவில்லை. என் கை மாதிரி இருக்கிறது.

சோலைமலையை உனக்கு ஞாபகம் இருக்கும். ரப்பர் கம்பெனியில் பிரஸ் ஓட்டியவன், நம் கடைக்குப் பத்து வருஷத்து வாடிக்கை. ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போகும்போது கண் இமை இரண்டும் உப்பி வந்து நின்றான். "ராத்திரி கொசுக்கடிண்ணே" என்றான். கண் சொட்டு மருந்து கொடுத்தேன். மறுவாரம் வேறொருவன் அதே உப்பலோடு வந்தான். அவனுக்கும் சொட்டு மருந்து. அதற்கப்புறம் நான் அதைக் கவனிக்க ஆரம்பித்தேன். காலை வெயிலில் ரோட்டைத் தாண்டி வருகிறவர்களில் ஒல்லியானவன், தடியானவன், கறுத்தவன், சிவந்தவன் என்று பார்த்தால், இமைக்குக் கீழே எல்லோருக்கும் ஒரே முகம். ஒரே ஆள் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வருவது போல இருந்தது. பிறகு ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். விசாரிக்கவில்லை, ஏனென்றால் விசாரிக்காமல் இருப்பது வசதியாக இருந்தது. அப்புறம் ஒருநாள் முகச்சவரம் செய்யக் கண்ணாடி முன்னால் நின்றபோது, அந்த முகம் கண்ணாடிக்குள் இருந்து என்னைப் பார்த்தது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி, ரத்தப் பரிசோதனை, டயாலிசிஸ். உனக்குத் தெரியாதது, நீ மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் அந்தச் சின்ன டாக்டரம்மா என்னிடம் சொன்னது. "அய்யாவுக்கு எந்த ஊரு?" என்று கேட்டாள். "பூர்வீகம் செக்கானூரணிப் பக்கம்மா" என்றேன். "வயக்காடு உண்டா?" "அப்பா காலத்துல இருந்துச்சு." "எங்களுக்கும் அந்தப் பக்கந்தான். அப்ப சொன்னா வெளங்கும்" என்று கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஒடம்புல மத்த எடத்துல எல்லாம் வாய்க்கா, வயலு, வடிகாலு. இதயத்துல இருந்து வர்ற கொழாய் சின்னதாகி, அதுவும் தலமுடிய விட மெலிசாப் பிரிஞ்சு வயல்ல பாயும். அங்க வேகம் அடங்கிரும். முன்பக்கம் தண்ணி வெளிய ஊறும், பின்பக்கம் முக்காவாசி உள்ள திரும்பிரும். பெறகு ரத்தம் வடிகால்ல, அதான் சிரையில, எறங்கி இதயத்துக்கே போயிரும். கிட்னில இருக்கிற அந்த மெல்லிசுக் கொழாய்க்கு மட்டும் வடிகாலு கெடையாதுங்கய்யா." "பெறகு எங்க போகும்?" என்றேன். "வர்றதும் வாய்க்கா, போறதும் வாய்க்கா. ரெண்டு பக்கமும் மடை" என்றாள்.

அவள் போன பிறகு அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன், இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சிறுநீரகத்துக்குள் ஏறத்தாழ பத்து லட்சம் முடிச்சுகள். ஒவ்வொன்றும் நூலைச் சுருட்டி வைத்த மாதிரி மெல்லிய ரத்தக்குழாய்கள். உள்ளே வர ஒரு மடை, வெளியே போக ஒரு மடை. போகும் மடை இறுக்கிப் பிடிப்பதால் உடம்பில் வேறெந்த மெல்லிய குழாயிலும் இல்லாத அழுத்தம் அங்கே நிற்கிறது. அந்தக் குழாய்ச் சுவர் முழுக்கச் சன்னல்கள். தண்ணீர் அதன் வழியாக வெளியே தள்ளப்படும், திரும்ப வராது. ஒரு நாளைக்கு நூற்றெண்பது லிட்டர் அப்படி வெளியேறுகிறதாம். அவ்வளவும் போனால் மனிதன் அரை நாள் தாங்க மாட்டான். அதனால் போகும் மடையைத் தாண்டிய அதே ரத்தம் இன்னொரு முறை மெல்லிசாகப் பிரிந்து, இரண்டாவதாக ஒரு வயலில் பாய்ந்து, தன்னிடமிருந்து போனதையெல்லாம் தானே தேடி எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகுதான் வடிகால். நீயும் நானும் டீ குடித்துக்கொண்டு வாடிக்கையாளரோடு வம்பளந்த நேரமெல்லாம் நமக்குள் இந்த வேலை சத்தமே இல்லாமல் நடந்துகொண்டிருந்திருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு என் உடம்பின் மேலேயே ஒரு அச்சம் வருகிறது, யாரோ வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது போல.

"வலி மாத்திர என்ன செய்யும்மா?" என்று கேட்டதற்கு அவள் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "முட்டியில வலிய உண்டாக்குற அதே சரக்குதாங்கய்யா கிட்னில வர்ற மடையத் தொறந்து வச்சிருக்கு. மாத்திர அத எல்லா எடத்துலயும் அடக்கிரும். முட்டி வலி நிக்கும். மடையும் சுருங்கிரும். எப்பவாவது ஒண்ணுன்னா மறுபடி தொறந்துக்கும். வருசக்கணக்கா மூடிக்கிட்டே இருந்தா முடிச்சு ஒண்ணொண்ணாக் காஞ்சு போகும்." காய்ந்துபோனது திரும்ப முளைக்காது. மிச்சமிருக்கும் முடிச்சுகள் அதன் வேலையையும் சேர்த்து இழுக்கும். கப்பலூரில் ஆள் வராத ஷிப்டை வந்தவன் தலையில் கட்டுவார்களே, அப்படித்தான். கொஞ்ச நாளில் அதுவும் விழும். "வலிக்காதா?" என்றேன். "வலிக்காதுங்கய்யா. அதுதான் கொடும" என்றாள். எனக்கு ரத்தக்கொதிப்பும் இருந்ததால் மாத்திரை மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னாள். நல்ல பெண், எனக்கு ஒளிந்துகொள்ள ஒரு இடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

முதல் டயாலிசிஸ் அன்று உன்னை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னை உள்ளே கூட்டிப்போனார்கள். பகல் பதினொரு மணி. குளிர் ஏற்றிய நீளமான அறை, இரண்டு பக்கமும் கட்டில். இயந்திரங்கள் சுற்றும் சத்தம் தவிர ஒன்றுமில்லை. சன்னலோரக் கட்டிலில் போர்த்திப் படுத்திருந்த ஒருவன் தலையைத் திருப்பினான். "வாங்கண்ணே. எப்ப வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்." சோலைமலை. "நான் வருவேன்னு உனக்கு எப்படிடா தெரியும்?" என்றேன். அவன் சாதாரணமாகச் சொன்னான்: "நீங்களும் எங்களோடதானண்ணே முழுங்குனீங்க." அப்புறம் எதிர்வரிசையில் இன்னொருவர் ஊசி குத்தாத கையை லேசாகத் தூக்கிக் காட்டினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் தூக்கினார். கடைசிக் கட்டிலில் ஒருவர். எல்லோரையும் எனக்கு அடையாளம் தெரியவில்லை, ஆனால் அவர்களுக்கு என்னைத் தெரிந்திருந்தது. ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சோலைமலை மெதுவாகக் கூப்பிட்டான். "அண்ணே, கால் இழுக்குது. பையில ஒரு செட்டு இருக்கா?" நான் சொல்லாமலே என் கை சட்டைப்பையைத் தடவியது. போன மாதத்திலிருந்து அந்தக் கட்டிலில் வேறு ஆள் படுக்கிறார்.

இனி பதினோரு நாளுக்கு முன்னால் நீ கோபித்துக்கொண்டு போன அன்றைக்கு வருகிறேன். அன்று நம் பகுதியில் பராமரிப்புக்காகக் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் இடது கையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்திருந்தேன். எங்கேயோ ஒரு ரீங்காரம். பிரிட்ஜ் என்று நினைத்தேன், அது நின்றுதான் கிடந்தது. மிக்சி, மோட்டார், பக்கத்து வீட்டு கிரைண்டர் எல்லாவற்றையும் யோசித்தேன். தெருவே அடங்கிக் கிடந்தது, சத்தம் மட்டும் நிற்கவில்லை. எழுந்து சுவரில் காதை வைத்துப் பார்த்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "என்னத்தத் தேடுறீங்க, பைத்தியக்காரன் மாதிரி?" என்றாள். சத்தம் என் கையிலிருந்து வந்தது. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அங்கே தமனியை நேராகச் சிரையோடு தைத்திருக்கிறார்கள் இல்லையா, நடுவே மெல்லிய குழாய் ஒன்றுகூடக் கிடையாது. வயலே இல்லாமல் வாய்க்கால் நேராக வடிகாலில் விழுகிறது. அந்தச் சத்தம்தான். உடம்பில் ரத்தம் சத்தமில்லாமல் ஓடுவதற்கே அந்த மெல்லிய குழாய்கள்தான் காரணம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நின்ற நேரத்தில்தான் நீ வந்தாய்.

வந்ததும் கழிப்பறைக்குப் போனாய். திரும்பி வந்து, "தண்ணி வரலம்மா, டேங்க் காலி போல" என்றாய். நீ அடுப்படிக் குடத்துத் தண்ணீரில் கை கழுவி அம்மாவோடு பேசிக்கொண்டிருக்க, நான் பின்கட்டுத் தொட்டியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுபோனேன். கதவைத் திறந்தேன். நுரை. சோப்பைக் கலக்கி ஊற்றியது போலக் கெட்டியாக நின்றது. அடங்கும் என்று பார்த்தேன். வாளிக் கம்பி விரலை அறுக்கும்வரை நின்றும் அது அடங்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன் என்னுடையதிலும் அதே நுரையைப் பார்த்து, கழுவ ஊற்றிய ஆசிட்டாக இருக்கும் என்று தண்ணீரை ஊற்றியவன் நான். இந்தத் தடவை ஊற்றவில்லை. வாளியை வைத்துவிட்டுப் பீரோவிலிருந்து பழைய சரக்கில் மிஞ்சிய சிறுநீர்ப் பரிசோதனைக் குச்சியை எடுத்துவந்தேன். அந்த மெல்லிய குழாய்ச் சுவரின் சன்னலுக்கெல்லாம் ஒரு அளவு உண்டு தம்பி. ரத்தத்தில் உள்ள புரதம் அதில் நுழைய முடியாது. நுழைந்தால் சன்னல் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். குச்சியின் மஞ்சள் கட்டம் அதைக் காட்டிவிடும். நனைத்து எடுத்து, வெளிச்சத்தில் பிடித்தேன். அறுபது எண்ணுவதற்குள் பச்சையாகிவிட்டது.

குச்சியை மடித்து லுங்கி மடிப்பில் சொருகிக்கொண்டு வாளித் தண்ணீரை ஊற்றினேன். வெளியே வந்தால் நீ சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு கிட்னியை எடுத்துக்கொள்ளச் சொல்கிறாய். எனக்கு உன் முகம் தெரியவில்லை, உன் இமை மட்டும் தெரிந்தது. தானம் கொடுக்கிறவரை ஆஸ்பத்திரியில் தலை முதல் கால்வரை சோதிப்பார்கள். முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள். எதனால் என்று கேட்பார்கள். நீ என்னைத் திரும்பிப் பார்ப்பாய். அந்தப் பார்வைக்குப் பயந்துதான், "உன்னோடது எனக்கு வேணாம், போடா" என்றேன். உன்னைக் காப்பாற்றியிருக்கக்கூடிய பரிசோதனையை, என் மானத்தைக் காப்பாற்ற நானே தடுத்தேன். உலகத்தில் எந்த அப்பனாவது இப்படிச் செய்வானா என்று நீ கேட்டால், செய்தவன் எழுதிக்கொண்டிருக்கிறான் என்பதுதான் பதில். கழிப்பறையில் எடுத்தது சரியான சோதனை இல்லை, பிளீச்சிங் பவுடர் பட்டாலும் நிறம் மாறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பதினோரு நாளை ஓட்டினேன். மாறியிருக்கலாம். அப்படியே இருக்கட்டும் என்று நான் கும்பிடாத சாமி இல்லை. ஆனால் நுரைக்கு என்ன சமாதானம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் இப்போது நான் சொல்வதைச் செய். இன்றைக்கே செட்டை நிறுத்து, உனக்கும் கடைக்கும். அடுத்த கடையில் கொடுக்கிறான் என்று சொல்லாதே, நானும் அதைச் சொல்லித்தான் இத்தனை வருஷம் கொடுத்தேன். கேட்டு வருகிறவனிடம் என்னைக் காட்டு, தேவைப்பட்டால் நானே வந்து கவுண்டரில் இந்தக் கையை வைத்து உட்காருகிறேன். நாளைக் காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை லேபில் கொடு. ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கச் சொல், பிரஷரும் பார்க்கச் சொல். முடிவு எதுவானாலும் நீயே அர்த்தம் பண்ணிக்கொள்ளாமல் சிறுநீரக டாக்டரிடம் எடுத்துப் போ, எத்தனை வருஷமாக என்னென்ன மாத்திரை என்று ஒளிக்காமல் சொல். "ஆரம்பத்துலயே பாத்தா நிறுத்தி வைக்கலாங்கய்யா" என்று அந்த டாக்டரம்மா சொன்னாள். நான் யாருக்காகக் கேட்கிறேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. எனக்கு வலிக்கவில்லையே, நான் நன்றாகத்தானே இருக்கிறேன் என்று மட்டும் இருந்துவிடாதே. நானும் நன்றாகத்தான் இருந்தேன்.

என் வெள்ளிக்கிழமை டயாலிசிஸுக்கு நான் பஸ்ஸில் போய்க்கொள்வேன், அதைப் பற்றிக் கவலைப்படாதே. உன் சிறுநீரகம் எனக்கு வேண்டாம் என்பதில் மாற்றமில்லை, இனி அதன் காரணம் உனக்கும் தெரியும். அம்மாவிடம் இன்று மாலை எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். முடிவு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சரி, லேபில் கொடுக்கிற தாளை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வா. வாசலில் நின்று தெருவே கேட்கிற மாதிரித் திட்டு. எனக்கு உன் மன்னிப்பு வேண்டாம் தம்பி. நான் போன பிறகும் என்னைத் திட்டிக்கொண்டு நீ ரொம்ப வருஷம் இருக்க வேண்டும்.

அப்பா